கூண்டுப் பறவைக்கு என்ன ஆயிற்று? அறிகுறி பார்த்து வழி தேடுவோம்

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுச் சமவெளிகளில் பட்ஜி என்னும் சிறு கிளிகள் பெருங்கூட்டமாகப் பறந்து திரிகின்றன. அந்தக் கூட்டத்தில் ஒன்று தளர்ந்து தெரிந்தால் வல்லூறு முதலில் குறிவைப்பது அதைத்தான். அதனால் உடம்பு முடியாத பறவையும் கடைசி வரை நிமிர்ந்து உட்காரும், கொறிப்பதுபோல் காட்டிக்கொள்ளும், அழைத்தால் குரல் கொடுக்கும். ஜான் கூல்ட் 1840இல் பட்ஜிகளை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அன்றிலிருந்து எத்தனையோ தலைமுறைகள் கூண்டிலேயே பிறந்து வளர்ந்துவிட்டன. நோயை மறைக்கும் அந்தக் குணம் மட்டும் மாறவில்லை.

ஆகவே இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணுக்கு ஒரு பறவை சோர்ந்து தெரிகிறது என்றால், அதன் நோய் இன்று தொடங்கியதல்ல. பல நாட்களாக மறைத்துப் பார்த்து, இனி முடியாது என்ற நிலைக்கு அது வந்திருக்கிறது. "நாளை வரை பார்க்கலாம்" என்று விட்டுத்தான் நம் வீடுகளில் பெரும்பாலான பறவைகள் செத்துப்போகின்றன.

இங்கே எழுதியிருப்பது முக்கியமாக மூன்று பறவைகளுக்கு: நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் பட்ஜி, கொண்டை வைத்த காக்டெயில், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ். பச்சைக்கிளியின் கதை வேறு. அதற்குத் தனியாக ஒரு பகுதி கீழே இருக்கிறது.

எந்த அறிகுறியானாலும் முதல் அரை மணி நேரம்

பறவையின் உடல் வெப்பம் சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். 35 கிராம் எடையுள்ள ஓர் உயிர் அந்தச் சூட்டைக் காப்பாற்ற ஓயாமல் தின்றுகொண்டே இருக்க வேண்டும். தின்ன முடியாமல் போனதும் சூடு இறங்கும். அதைத் தடுக்கத்தான் இறகை உப்பிக்கொண்டு பந்துபோல் உட்காருகிறது. நீங்கள் சூடு கொடுத்தால், அந்தச் சக்தி நோயோடு போராட மிஞ்சும்.

ஒரு சிறிய கூண்டையோ அட்டைப் பெட்டியையோ எடுத்து மூன்று பக்கமும் துணியால் மூடுங்கள். ஒரு ஓரத்தில், வெளிப்பக்கமாக, பழைய குண்டு பல்பு 40 வாட்டில் ஒன்றை எரியவிடுங்கள். துணி பல்பில் படக்கூடாது. எல்இடி பல்பு இதற்கு உதவாது, அதில் சூடு வராது. குண்டு பல்பு கிடைக்கவில்லையென்றால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்கலாம். உள்ளே 30 டிகிரி இருந்தால் போதும். மறுபக்கம் சற்றுக் குளிர்ச்சியாக இருக்கட்டும். அதிகமாகச் சுட்டால் பறவையே அந்தப் பக்கம் நகர்ந்துகொள்ளும். உட்காரும் குச்சியை எடுத்துவிட்டு, தீனியையும் தண்ணீரையும் தரையிலேயே வையுங்கள். பிள்ளைகளை அந்த அறைப் பக்கம் வரவிடாதீர்கள்.

வெயிலில் மயங்கிய பறவைக்கு மட்டும் இது பொருந்தாது. அதைக் கீழே சொல்கிறேன்.

பறவையைக் கையில் எடுக்க நேர்ந்தால் நெஞ்சை அழுத்திப் பிடிக்காதீர்கள். நமக்கு இருப்பதுபோல் அதற்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்சுக்கூடு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். கழுத்தை இரு விரல்களுக்கிடையே தளர்வாக வைத்து, உடம்பை உள்ளங்கையில் தாங்கினால் போதும்.

மருந்துக்கடையில் டெட்ராசைக்ளின் மாத்திரை வாங்கித் தண்ணீரில் கரைத்து வைக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிப் போயிருக்கிறது. எந்தக் கிருமி என்று தெரியாது; எவ்வளவு உள்ளே போகிறது என்றும் தெரியாது. நோயுற்ற பறவை தண்ணீர் குடிப்பதே குறைவு. கசந்தால் அந்தக் கொஞ்சத்தையும் விட்டுவிடும். போதாக்குறைக்கு, பறவை கொறிக்கக் கூண்டில் வைக்கும் கணவாய் மீன் ஓட்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அந்த மருந்தோடு ஒட்டிக்கொண்டு அதை உடம்பில் சேரவிடாது. அரைகுறையாக மருந்து குடித்த பறவையை மருத்துவரிடம் கொண்டுபோனால், பரிசோதனையில் நோய் சரியாகத் தெரியாமலும் போகலாம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

கிண்ணம் நிறையத் தீனி இருக்கிறது, பறவை மெலிகிறது

இதில் முதல் சந்தேகம் நோய் அல்ல, கிண்ணம். பட்ஜி தினையை அப்படியே விழுங்குவதில்லை. அலகில் உருட்டி, உமியை உரித்து, அரிசியை மட்டும் தின்னும். உமி கிண்ணத்திலேயே விழும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கிண்ணம் விளிம்பு வரை நிறைந்திருக்கும். நிறம்கூடத் தினையின் நிறமாகவே இருக்கும். மெல்ல ஊதிப் பாருங்கள். மேலே இருப்பது முழுவதும் பறந்துவிட்டால், அந்தப் பறவை பட்டினி கிடந்திருக்கிறது. வெளியூர் போகும்போது பறவையைப் பக்கத்து வீட்டில் விட்டுச் செல்கிறவர்கள் "கிண்ணம் காலியானால் போடுங்கள்" என்று சொல்லாமல், "தினமும் ஊதிவிட்டுப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

கிண்ணத்தில் குறையில்லையென்றால் நெஞ்செலும்பைத் தடவுங்கள். நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஓர் எலும்பு ஓடும். இரு பக்கமும் சதை நிரம்பி அந்த எலும்பு லேசாகத் தட்டுப்பட்டால் சரி. கத்தி முனைபோல் துருத்திக்கொண்டு இரு பக்கமும் பள்ளமாக இருந்தால் சதை கரைந்துவிட்டது என்று பொருள். நகை எடைத் தராசு போன்ற, ஒரு கிராம் வரை காட்டும் சிறிய தராசு ஒன்றை வாங்கி, வாரம் ஒருமுறை காலையில் தீனிக்கு முன் எடை பார்த்து எழுதி வைப்பதைப்போல் பயனுள்ள வேலை பறவை வளர்ப்பில் வேறு இல்லை. 35 கிராம் பறவை 32 கிராமுக்கு வந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அப்போதே மருத்துவரிடம் போக வேண்டும்.

நன்றாகத் தின்றும் மெலிகிறது, எச்சத்தில் தினை முழுசாக வருகிறது, அவ்வப்போது கக்குகிறது என்றால், இரைப்பையைத் தாக்கும் ஒரு வகைப் பூஞ்சை நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். பட்ஜிகளிடம் இது சகஜம். எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். இதற்குப் பூஞ்சைக்கான மருந்துதான் வேலை செய்யும். பாக்டீரியா மருந்தால் பயனில்லை.

எச்சம் மாறியிருக்கிறது

நல்ல எச்சத்தில் மூன்று பாகங்கள் இருக்கும்: பச்சையோ பழுப்போ நிறத்தில் சுருண்ட மலம், அதன் மேல் வெள்ளைச் சுண்ணாம்புபோல் ஒரு திட்டு, சுற்றிலும் கொஞ்சம் தெளிந்த நீர். அந்த வெள்ளைத் திட்டும் நீரும் சிறுநீரகத்திலிருந்து வருபவை. கூண்டின் தட்டில் செய்தித்தாளுக்குப் பதிலாக வெள்ளைத் தாளை விரித்தால் இது தெளிவாகத் தெரியும்.

தண்ணீர் மட்டும் அதிகமாகி, மலம் உருவம் மாறாமல் இருந்தால், முந்தைய நாள் வெள்ளரியோ தர்ப்பூசணியோ கொடுத்தோமா என்று யோசியுங்கள். பயந்தாலும் அப்படித்தான் போகும். பீட்ரூட் தின்றால் சிவப்பாக வரும். பெட்டை முட்டையிடும் காலத்தில் காலை எச்சம் ஒன்று மட்டும் மிகப் பெரிதாக, நாற்றத்தோடு இருக்கும். இவை எதற்கும் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியவை வேறு. மலம் மிகக் கொஞ்சமாக, கரும்பச்சையாக, பசைபோல் இருந்தால் பறவை தின்னவே இல்லை. தார்போல் கறுத்திருந்தால் குடலில் ரத்தம் கசிகிறது. வெள்ளையாக இருக்க வேண்டிய திட்டு மஞ்சளாகவோ பளீர்ப் பச்சையாகவோ மாறியிருந்தால் ஈரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கடைசி அறிகுறியோடு பறவை சோர்ந்து, மூக்கு ஒழுகி, கண் ஓரம் ஈரமாக இருந்தால் கிளிக் காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். கிளமீடியா என்ற பாக்டீரியாவால் வருவது இது. உலர்ந்த எச்சத்தின் தூசி வழியாக மனிதருக்கும் தொற்றி நிமோனியா வரை கொண்டுபோகும். 1929–30இல் பல நாடுகளில் இது பரவி உயிர்களைப் பலிகொண்டது. பறவைக்கு டாக்சிசைக்ளின் மருந்தை வழக்கமாக 45 நாட்கள் விடாமல் கொடுப்பார்கள். பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் கடுமையான தலைவலியும் இருந்தால், உங்கள் மருத்துவரிடம் பறவை வளர்ப்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார். கூண்டைச் சுத்தம் செய்யும்போது எச்சத்தை உலர்ந்தபடியே சுரண்டாமல், தண்ணீர் தெளித்து நனைத்துத் துடையுங்கள்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுகிறது

இது உடனே கிளம்ப வேண்டிய அறிகுறி. கிளம்பும் முன் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று, வீட்டில் என்ன புகைந்தது? பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உடம்பெங்கும் காற்றுப்பைகள் இருக்கின்றன. உயரத்தில் பறப்பதற்கான அந்த அமைப்பு நச்சையும் அதே வேகத்தில் ரத்தத்தில் சேர்த்துவிடும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக்காற்றைக் கண்டுபிடிக்க 1986 வரை கானரிப் பறவைகளைக் கூண்டில் வைத்திருந்தது இதனால்தான். நம் வீட்டில் கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, கற்பூரம், வாசனைத் தெளிப்பான், புதுப் பெயிண்ட் எல்லாம் பறவைக்குத் தொல்லை. எல்லாவற்றையும்விடக் கொடியது, அடுப்பில் மறந்துபோய்க் காய்ந்த நான்ஸ்டிக் தவா. அந்தப் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானதும் நமக்கு மணம்கூடத் தெரியாத வாயு வெளிவரும். பக்கத்து அறையில் இருக்கும் பறவை சில நிமிடங்களில் விழுந்துவிடும். பறவை இருக்கும் வீட்டில் இரும்புத் தோசைக்கல்லே நல்லது. புகைதான் காரணம் என்று தோன்றினால் சன்னல்களைத் திறந்து, பறவையை வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய், அங்கிருந்தே மருத்துவரிடம் போங்கள்.

இரண்டாவது கேள்வி, கூண்டு எங்கே இருந்தது? மே மாத மதியத்தில் தகரக் கூரைக்குக் கீழோ, மேற்கு வெயில் அடிக்கும் பால்கனியிலோ என்றால் வெப்ப மயக்கம். சிறகுகளை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு இரைக்கும். பட்ஜி பாலைவனப் பறவைதானே, வெயில் தாங்காதா என்று கேட்பார்கள். காட்டில் அது நிழலைத் தேடிப் போகும், தண்ணீரைத் தேடி வெகுதூரம் பறக்கும். கூண்டில் போக்கிடம் இல்லை. நிழலான, காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றி, கால்களையும் சிறகுக்கு அடிப்பகுதியையும் சாதாரணத் தண்ணீரால் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். இரைப்பு அடங்கியதும் நனைப்பதை நிறுத்திவிடுங்கள். பல்பு வைக்காதீர்கள்.

இரண்டும் இல்லையென்றால் தொற்று, கழுத்திலுள்ள தைராய்டு வீக்கம், வயிற்றுக்குள் கட்டி எனப் பல காரணங்கள் இருக்கலாம். தினையை மட்டுமே தின்று வளரும் பட்ஜிக்கு அயோடின் குறைந்து தைராய்டு வீங்கும். மூச்சில் கீச்சென்ற ஒலியும் சேரும். எதுவென்று கண்டுபிடிப்பது வீட்டில் நடக்கிற காரியம் அல்ல.

பெட்டை கூண்டின் தரையில் உட்கார்ந்து முக்குகிறது

முட்டை அடைப்பு. இளம் பெட்டைகளும், ஓய்வில்லாமல் ஈடு ஈடாக முட்டையிட்ட பெட்டைகளும் இதில் மாட்டிக்கொள்ளும். பின்பக்கம் வீங்கியிருக்கும், கால்கள் அகன்றிருக்கும், சில நேரம் ஒரு கால் செயலிழந்ததுபோல் இழுபடும். முட்டை உள்ளே நரம்பை அழுத்துவதால் அப்படி ஆகும்.

மேலே சொன்ன சூட்டுப் பெட்டிக்குள், ஒரு கிண்ணத்தில் ஈரத்துணி வைத்துக் காற்றை ஈரமாக்குங்கள். சில மணி நேரத்தில் முட்டை வரவில்லையென்றாலோ, அதற்கு முன்பே பறவை தளர்ந்தாலோ மருத்துவரிடம் கால்சியம் ஊசி போட்டாக வேண்டும். விளக்கெண்ணெய் விட்டு, விரலால் அழுத்தி முட்டையை வெளியே தள்ளப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். முட்டை உள்ளே உடைந்தால் அதன் ஓடே கிழித்துவிடும். கருப்பையும் வெளியே வந்துவிடும். செய்யவே கூடாது.

காரணத்தைப் பேசாமல் இந்தப் பகுதியை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்திரேலியாவில் பட்ஜி மழை பெய்து புல் விளைந்தால்தான் கூடு கட்டும். மழை இல்லையென்றால் கட்டாது. நாம் என்ன செய்கிறோம்? ஆண்டு முழுவதும் கிண்ணம் நிறையத் தினை போட்டு, ஓட்டை போட்ட மண் பானையைத் தொங்கவிட்டு, முடிவே இல்லாத மழைக்காலத்தைக் கூண்டுக்குள் உண்டாக்கிவிடுகிறோம். அது இட்டுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் சுண்ணாம்பு அதன் எலும்பிலிருந்து போகிறது. ஒரு வயதுக்குக் குறைந்த பெட்டைக்குப் பானை வைக்காதீர்கள். ஆண்டுக்கு இரண்டு ஈடு போதும். அதற்குப் பிறகு பானையைக் கழற்றுங்கள். கணவாய் ஓடு எப்போதும் கூண்டில் இருக்கட்டும். துணையில்லாத பெட்டையும் முட்டையிடும். உடனே முட்டையை எடுத்தால், இழந்ததை ஈடுகட்ட மேலும் இடும். சில வாரம் அடைகாத்து அதுவாகவே சலித்து விட்டபின் எடுங்கள். ஒளிந்துகொள்ளும் இருட்டு மூலைகளை அடைத்துவிட்டு, மாலையில் சீக்கிரமே கூண்டை மூடி விளக்கு வெளிச்சத்தைக் குறையுங்கள்.

கக்குகிறது

ஆண் தலையை மேலும் கீழும் ஆட்டி, துணைக்கோ கண்ணாடிக்கோ நேராகத் தீனியைக் கக்கினால் அது காதல். கண்ணாடியை எடுத்துவிட்டால் நின்றுவிடும். தலையைப் பக்கவாட்டில் உதறி, தினையும் கோழையும் நெற்றி இறகில் ஒட்டிப் பிசுபிசுத்தால் அது வாந்தி. கழுத்தடியில் தின்றதைச் சேர்த்துவைக்கும் தீனிப்பையில் தொற்றோ பூஞ்சையோ இருக்கலாம், நச்சும் போயிருக்கலாம். அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம் எதுவும் பறவைக்கு ஆகாது.

இறகு கொட்டுகிறது, பிய்த்துக்கொள்கிறது

முதலில் தலையைப் பாருங்கள். எந்தப் பறவையும் தன் தலை இறகைத் தானே பிடுங்க முடியாது. உடம்பு வெறுமையாகி, தலை மட்டும் நிறைந்திருந்தால் அது தானே பிய்த்துக்கொள்கிறது. தலையும் வெறுமை என்றால், கூட இருக்கும் பறவை பிடுங்குகிறது, அல்லது நோய். இரு பக்கமும் ஒரே மாதிரி உதிர்ந்து, ஊசிபோல் புது இறகுகள் முளைத்தால் வெறும் இறகு மாற்றம்தான். காக்டெயில் உடம்பிலிருந்து வெள்ளைப் பொடி கொட்டுவதும் இயற்கை. ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸில் இளஞ்சிவப்பு முகமுள்ள வகை காகிதத்தை நீளநீளமாகக் கிழித்து முதுகின் பின்பக்க இறகில் செருகிக்கொள்ளும். தென்மேற்கு ஆப்பிரிக்காவின் காட்டில் கூட்டுக்குப் பட்டையையும் இலையையும் இப்படித்தான் சுமந்து செல்கிறது. இறகைப் பிய்க்கிறது என்று பயப்பட வேண்டாம்.

தானே பிய்த்துக்கொள்வதற்கு உடம்பிலும் காரணம் இருக்கலாம், வாழ்க்கையிலும் இருக்கலாம். காக்டெயிலுக்குக் குடல் ஒட்டுண்ணியால் அரிப்பு வரும். மண் பானையில் அடைகாக்கும் பறவைகளுக்குச் சிவப்பு உண்ணி உண்டு. அது பகலில் பானை விரிசலில் ஒளிந்து இரவில் வந்து ரத்தம் குடிக்கும். இரவில் கூண்டை வெள்ளைத் துணியால் மூடி, விடியுமுன் துணியின் உட்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். நகரும் செம்புள்ளிகள் தெரிந்தால் பானையைத் தூக்கிப் போடுங்கள்.

இவை எதுவும் இல்லாதபோது அதன் நாளை எண்ணிப் பாருங்கள். காட்டில் அது விழித்த நேரத்தில் பெரும்பகுதியை இரை தேடவும் கூட்டத்தோடு பறக்கவும் செலவிடுகிறது. கூண்டில் கிண்ணம் மூக்குக்கு நேராக இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. மீதி நேரத்துக்குத் தன் இறகைத் தவிர அதற்கு வேறென்ன இருக்கிறது? தினைக் கதிரை அப்படியே தொங்கவிடுங்கள். கொய்யா, வேம்பு, முருங்கைக் கிளைகளை இலையோடு உள்ளே வையுங்கள். பட்டையை உரித்துத் தள்ளும். தினமும் அறைக்குள் பறக்க விடுங்கள். இரவில் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் இருட்டும் அமைதியும் தேவை. தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் கூண்டு இருந்தால் அது கிடைக்காது.

குஞ்சுகளுக்குச் சிறகு, வால் இறகுகள் முளைத்து முளைத்து விழுந்து, பறக்காமல் தரையில் ஓடினால் அது வைரஸ். அந்தக் கூட்டத்தில் குஞ்சு பொரிப்பதை உடனே நிறுத்துங்கள். யாருக்கும் பறவை கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

அலகிலும் மூக்குத்திட்டிலும் மாற்றம்

அலகின் மேல் மூக்குத் துளைகள் இருக்கும் மெழுகுபோன்ற பகுதியை மூக்குத்திட்டு என்கிறேன். அங்கும் அலகின் ஓரத்திலும் தேனடைபோல் நுண்ணிய துளைகளோடு வெள்ளைப் பொருக்கு படர்ந்தால், அது தோலுக்குள் துளையிட்டு வாழும் உண்ணி. விட்டுவிட்டால் அலகே கோணிப்போகும். மருத்துவர் எடைக்கேற்ப ஐவர்மெக்டின் சொட்டு கொடுப்பார், எளிதில் குணமாகும். மாட்டுக்கான மருந்தை நீங்களாக அளந்து போட்டால் பறவை செத்துவிடும்.

பெட்டையின் மூக்குத்திட்டு காபித் தூள் நிறமாகத் தடிப்பது முட்டைப் பருவத்தின் அடையாளம். நீலமாக இருந்த ஆணின் மூக்குத்திட்டு பழுப்பாக மாறினால் அப்படி விட முடியாது. விரையில் கட்டி வளர்ந்து பெண் ஹார்மோன் சுரக்கும்போது இப்படி நேரும். அலகு அளவுக்கு மீறி நீண்டு, அதில் கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் ஈரலைப் பரிசோதிக்க வேண்டும். தினை மட்டுமே தின்ற பறவைக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் எல்லாம் தினமும் கொஞ்சம் கொடுத்தால் வைட்டமின் ஏ குறைபாடும் வராது. முதலில் தொடாது. விடாமல் வையுங்கள்.

ரத்தம்

35 கிராம் பறவையின் மொத்த ரத்தமே 3 மில்லி சொச்சம்தான். பத்துப் பதினைந்து சொட்டு போனாலே ஆபத்து. நகம் உடைந்திருந்தால் சோள மாவை வைத்து அழுத்துங்கள். காக்டெயில் இரவில் திடீரென்று மிரண்டு கூண்டுக்குள் மோதிக்கொள்ளும். பல்லியின் நிழலோ பட்டாசுச் சத்தமோ போதும். அப்போது வளரும் இறகு முறியும். அதன் தண்டில் ரத்தம் ஓடுவதால் குழாய்போல் ஒழுகும். அதையும் மாவு வைத்து அழுத்திப் பிடித்து, நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம் போங்கள். சிறிய இரவு விளக்கு ஒன்று எரிந்தால் இந்த மிரட்சி குறையும். தீபாவளி வாரத்தில் கூண்டை உள்ளறைக்கு மாற்றிவிடுங்கள்.

வலிப்பு, தள்ளாட்டம்

புதுக் கூண்டு வாங்கினீர்களா? துத்தநாகம் பூசிய கம்பியில் வெள்ளைத் துருபோல் பொடி இருக்கும். கம்பியைக் கொறித்துக்கொண்டே இருக்கும் ஆப்பிரிக்கன் லவ் பேர்ட் அதை விழுங்கிவிடும். பழைய பெயிண்டில் இருக்கும் ஈயமும் அப்படித்தான். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியும், மாற்று மருந்தும் உண்டு. ஆனால் நேரம் குறைவு. புதுக் கம்பிக் கூண்டை வினிகர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்தபின் பறவையை விடுங்கள்.

கத்தல், கடி

காலையிலும் மாலையிலும் கத்துவது நோயல்ல. கூட்டத்தைக் கூப்பிடும் குரல். நீங்கள் அறையைவிட்டுப் போனதும் கத்தினால், அடுத்த அறையிலிருந்து ஒரு சீழ்க்கை அடித்துப் பதில் கொடுங்கள், அடங்கிவிடும். அதட்டினால் பதில் வந்துவிட்டது என்று இன்னும் கத்தும். இதுவரை கடிக்காத பறவை திடீரென்று கடித்தால் முட்டைப் பருவமா என்று பாருங்கள். இல்லையென்றால் வலி இருக்கிறது.

நோயுற்றது பச்சைக்கிளி என்றால்

நம் ஊர்ப் பச்சைக்கிளியையும் மற்ற உள்நாட்டுக் கிளிகளையும் பிடிப்பது, விற்பது, வளர்ப்பது எல்லாம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சந்தைக்கு வரும் குஞ்சுகள் மரப்பொந்திலிருந்து, கண் திறந்தும் திறவாததுமாக எடுக்கப்பட்டவை. வழியிலேயே பல செத்துவிடும். மாஞ்சா நூலில் சிக்கியதோ, பொந்திலிருந்து விழுந்த குஞ்சோ உங்கள் கைக்கு வந்தால், அட்டைப் பெட்டியில் துணி விரித்துச் சூடாக, இருட்டாக வைத்து வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பால் சோறு ஊட்டாதீர்கள். பாலைச் செரிக்கும் சக்தி பறவைக்கு இல்லை. சாய்ந்து கிடக்கும் குஞ்சுக்கு ஊற்றினால் மூச்சுக்குழாயிலும் போய்விடும். பல ஆண்டுகளாக வீட்டில் இருக்கும் கிளியைத் திடீரென்று பறக்க விடுவதும் கருணையல்ல. இரை தேடவோ பருந்துக்குத் தப்பவோ அதற்குத் தெரியாது. வனத்துறையிடம் ஒப்படைத்தால் முறையாகப் பழக்குவார்கள்.

மருத்துவரிடம் போகும்போது

கூண்டைச் சுத்தம் செய்யாமல் அப்படியே கொண்டுபோங்கள். எச்சம்தான் முதல் சாட்சி. தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் காலி செய்யுங்கள். எடைக் குறிப்பு, என்ன தீனி, எப்போது வாங்கியது, புதுப் பறவை சேர்ந்ததா என்ற விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள். நாயும் மாடும் பார்க்கும் எல்லா மருத்துவரும் 35 கிராம் பறவையைக் கையாண்டிருக்க மாட்டார்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு போன்ற ஊர்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள்.

காலையில் பார்த்தால் இறந்து கிடக்கிறது

கூண்டில் வேறு பறவைகள் இருந்தால், இறந்ததை உடனே புதைத்துவிடாதீர்கள். கையுறை போட்டு, தண்ணீரில் நனைத்து, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, உணவுப் பொருட்கள் படாமல் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேலே ஐஸ் உறையும் பகுதியில் வைத்தால் திசு சிதைந்து பரிசோதனைக்கு ஆகாமல் போகும். அன்றோ மறுநாளோ கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனால் அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்வார்கள். அது தெரியும் வரை மிச்சப் பறவைகளை வேறு கூண்டுகளோடு சேர்க்காதீர்கள். காலியான இடத்துக்குப் புதிதாக ஒன்றை வாங்குவதாக இருந்தாலும், அதை முதல் 45 நாட்கள் தனி அறையில் வைத்து, எடையையும் எச்சத்தையும் பார்த்துவிட்டுச் சேருங்கள்.